வருடம் போகப்போக மலைநடைகளும் மலைப் புத்தகங்களும் ஏன் கூடிக்கொண்டே போகின்றன?

#1 மலைப்பித்தன் (சென்னை, முன்பு அபர்தீன்)

டபிள்யூ. எச். மர்ரே என்று ஒருவர். கிளாஸ்கோவில் வளர்ந்தவர், ஸ்காட்லாந்து மலைகளில் பனிக்காலத்திலும் ஏறித் திரிந்தவர். 1942இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். இத்தாலி, செக்கோஸ்லோவாக்கியா, ஜெர்மனி என்று போர் முடியும்வரை முகாம் முகாமாக அடைபட்டுக் கிடந்தார். அங்கே எழுதக் கிடைத்தது கழிப்பறைக் காகிதம்தான். அதில், தான் ஏறிய மலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாபோ அதைக் கண்டுபிடித்து அழித்துவிட்டது. அரைப்பட்டினியில் உடம்பு தேய்ந்து, இனிமேல் மலையேறவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர், கூட இருந்தவர்கள் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருக்க, முதலிலிருந்து மறுபடி எழுதினார். 1947இல் 'மவுண்டனியரிங் இன் ஸ்காட்லாந்து' என்று வெளிவந்தது அந்த இரண்டாவது பிரதிதான்.

அந்தப் புத்தகத்தை இந்த வருடம் மறுபடி எடுத்தேன். கிளென்கோ பள்ளத்தாக்கின் தலைவாசலில் நிற்கும் புவாகில் எட்டீவ் மோர் மலை நிலா வெளிச்சத்தில் எப்படி இருந்தது என்று அவர் எழுதியிருக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். மலையில் நின்றபோது எழுதியதல்ல அது. முள்வேலிக்குள், பசியில், மலைகள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தபோது எழுதியது. அதுவும் இரண்டாம் முறையாக! ஏறிய அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதியிருந்தால் இவ்வளவு வந்திருக்குமா?

பெட்ரோலிய எண்ணெய் வேலைக்காக ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இருந்தபோது சனி ஞாயிறானால் கெய்ர்ன்கோர்ம் மலைகளுக்குப் போய்விடுவேன். அன்றைக்கு அவை நல்ல நடைகள், அவ்வளவுதான். சென்னைக்கு வந்து வருடங்கள் ஆன பிறகு அதே நடைகள் என்னிடம் பெரிதாகிக்கொண்டே போகின்றன. அப்போது வாங்கிய மலைப் புத்தகங்களும் அப்படித்தான். இதைக் கடந்தகால ஏக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அனுபவம் எப்படி?

#2 யாழ்நடை (கிளாஸ்கோ)

அண்ணா, நீங்கள் மர்ரேயைச் சொன்னால் நான் 'நான் ஷெப்பர்ட்' (Nan Shepherd) என்ற எழுத்தாளரைச் சொல்லாமல் விடமாட்டேன். நீங்கள் நடந்த அதே கெய்ர்ன்கோர்ம் மனுஷி. அபர்தீனுக்குப் பக்கத்தில் கல்ட்ஸ் என்ற ஊரில் கிட்டத்தட்ட வாழ்நாள் முழுக்க ஒரே வீட்டில் இருந்தவர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இலக்கியம் படிப்பித்தவர். 'த லிவிங் மவுண்டன்' என்ற சின்னப் புத்தகத்தை இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடங்களில் எழுதினார். எழுத்தாளர் நீல் கன்னுக்குக் காட்டினார், ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார், அது திரும்பி வந்தது. சரி என்று மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். 1977இல்தான் அச்சேறியது. அப்போது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது.

அந்த 1977 முன்னுரையைக் கவனித்து வாசியுங்கோ. வயதான காலத்தில் பொருட்களை ஒதுக்கும்போது பழைய பிரதியை எடுத்து வாசித்தேன், அன்று எழுதியது இன்றும் செல்லும் என்று தெரிந்தது என்கிறார். நடுவில் மலைக்கு என்னென்ன நடந்தது என்றும் சொல்கிறார். மண்வாரி இயந்திரங்கள் வந்தது, பனிச்சறுக்கு வந்தது, ஆட்கள் கூடியது, சிலர் அங்கேயே இறந்தது எல்லாம். ஆனால் உள்ளே புத்தகத்தை மாற்றவில்லை. அந்த முப்பது வருடமும் புத்தகத்துக்கு வெளியே நின்று அதற்குப் பாரம் கூட்டிவிட்டது என்று எனக்குப் படும்.

#3 நாட்குறிப்புக்காரன் (லீட்ஸ்)

இரண்டு பேரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் எதிர்க்கட்சி ஒன்று வேண்டும்.

காலம் போனால் நினைவு கூடுவதில்லை, கழிகிறது. கழிவது கஷ்டங்கள் என்பதால் மிச்சம் இருப்பது பிரகாசமாகத் தெரிகிறது. 1997இல் வந்த ஓர் உளவியல் ஆய்வில், கலிபோர்னியாவில் மூன்று வாரம் சைக்கிள் பயணம் போன மாணவர்களையும் பார்த்தார்கள். பயணத்தின் நடுவில் கேட்டபோது இருந்ததைவிட முடிந்த பிறகு கேட்டபோது அதே பயணம் அவர்களுக்கு இனித்தது. மழையும் அலுப்பும் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. ஸ்காட்லாந்து மேற்குக் கரையில் காற்று விழுந்த ஆகஸ்ட் சாயங்காலம் கூடாரம் அடித்தவர்களைக் கேளுங்கள். மிட்ஜ் பூச்சி மூக்கிலும் காதிலும் புகுந்து கடித்ததை எத்தனை பேர் பயணக் கதையில் அதற்குரிய அளவில் வைத்திருக்கிறார்கள்?

இன்னொன்று, எல்லோருக்கும் பள்ளியிலிருந்தே தெரிந்த டாஃபடில் கவிதை. வேர்ட்ஸ்வொர்த் தான் தனியாகத் திரிந்ததாக அதில் சொல்கிறார். நடந்தது 1802 ஏப்ரல் 15. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை. கூட நடந்தவர் தங்கை டோரதி. டோரதியின் நாட்குறிப்பில் அன்றைய காற்று இருக்கிறது. சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லின் மேல் தலை சாய்த்துக் கிடந்தது இருக்கிறது. அண்ணன் இரண்டு வருடம் கழித்துக் கவிதை எழுதியபோது தங்கையையே காணோம். இதை வளர்ச்சி என்று நான் எப்படிச் சொல்வேன்? எனக்கு அந்தக் கல்லும் களைத்த பூவும்தான் வேண்டும்.

#4 கெண்டல் கீதா (லேக் டிஸ்ட்ரிக்ட்)

டோரதியைக் கொண்டுவந்ததற்கு நன்றி சார். ஆனால் அவரை உங்கள் பக்கம் மட்டும் உட்கார வைக்க முடியாது.

1803இல் அண்ணனோடும், முதல் இரண்டு வாரம் கவிஞர் கோல்ரிட்ஜோடும் ஸ்காட்லாந்தில் ஆறு வாரம் சுற்றினார். அந்தப் பயணத்தைப் பற்றிய புத்தகத்தை ஊர் திரும்பிய பிறகுதான், நினைவிலிருந்து, நண்பர்களுக்காக எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்தது 1805இல். நினைவுகூரல்கள் என்றுதான் தலைப்பே வைத்தார். குடிசைக்குள் புகை எப்படிச் சுழன்றது, உத்தரம் எப்படிக் கறுத்து மின்னியது என்பதெல்லாம் அதில் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. ஆக, கூர்ந்து பார்த்தவருக்குக் காலம் போவதால் கூர்மை போவதில்லை. புத்தகம் அச்சானது 1874இல், அவர் இறந்து 19 வருடம் கழித்து.

என் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆல்ஃபிரட் வெயின்ரைட், கெண்டல் நகராட்சியின் பொருளாளர். பிளாக்பர்ன் ஆலை ஊரிலிருந்து 1930இல் 23 வயதில் முதல்முறை வந்து, விண்டர்மியருக்கு மேலே இருக்கும் ஓரெஸ்ட் ஹெட் என்ற சின்னக் குன்றில் ஏறிப் பார்த்தார். அதோடு அவர் வாழ்க்கை திரும்பிவிட்டது. 1952 நவம்பரில் எழுத உட்கார்ந்தார். 214 மலைகள், ஏழு புத்தகங்கள், ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு கோடும் கையால். 1955இல் முதல் புத்தகம், 1966இல் ஏழாவது. கார் ஓட்ட மாட்டார். பஸ்ஸில் போய் நடந்துவிட்டு வந்து, வார நாட்களில் ராத்திரி உட்கார்ந்து வரைவார்.

இதை எதற்காகச் செய்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். கிழவனான பிறகு புரட்டிப் பார்க்க, கால்கள் கைவிட்ட பிறகும் மனதால் நடந்துகொண்டிருக்க. ஊருக்கெல்லாம் வழிகாட்டியான புத்தகம் ஒரு மனிதர் தன் முதுமைக்குச் சேர்த்துவைத்த சொத்தாகத் தொடங்கியது! கடைசிக் காலத்தில் அவருடைய கண்பார்வை மிகவும் மங்கிப்போனது. தான் வரைந்த அந்தப் பக்கங்களை அவரால் சரியாகப் பார்க்க முடியவில்லை. அப்போது அவரிடம் எஞ்சியிருந்தது என்ன என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

#5 வேலன் (கோயம்புத்தூர்)

நான் ஸ்காட்லாந்து பக்கம் போனதே இல்லை. எழுதலாமா?

#6 கெண்டல் கீதா

எழுதுங்கள் தம்பி. அதைக் கேட்கத்தானே இருக்கிறோம்.

#7 மலைப்பித்தன்

வேலன் எழுதட்டும். அதற்குள் நாட்குறிப்புக்காரன் சாருக்கு ஒரு பதில்.

கஷ்டம் கழிவதால் இனிக்கிறது என்பது சில நினைவுகளுக்குப் பொருந்தும். நான் கேட்டது வேறு. என்னுடைய ஒரு நடையை வைத்தே சொல்கிறேன்.

2009 செப்டம்பரில் பிரே ரியாக் உச்சிக்குப் போனேன். 1296 மீட்டர். உச்சியைத் தாண்டிச் சமவெளி போல ஒரு மேட்டுநிலம் விரியும். டீ ஆறு அங்கேதான், அவ்வளவு உயரத்தில், சரளைக்கு நடுவிலிருந்து ஊறி வருகிறது. விளிம்போரமாகப் போய் கீழே கார்வ் கோரி மோர் என்ற குடைவைப் பார்த்தேன். நிழல் விழுந்த பாறைச் சுவரின் அடியில் அழுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. ஓரங்கள் கறுத்து, சரளை ஒட்டிக்கொண்டு, யாரோ விரித்துவிட்டுப் போன பழைய துணி மாதிரி இருந்தது. அட, இன்னும் பனி இருக்கிறதே என்று நினைத்தேன். ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். அன்றைக்கு அந்தத் திட்டுக்கு என் மனதில் இருந்த இடம் அவ்வளவுதான்.

பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு ஸ்பிங்ஸ் என்று பெயர். பிரிட்டனிலேயே கோடையைத் தாண்டி அதிகக் காலம் நிற்கும் பனித்திட்டு அது. 20ஆம் நூற்றாண்டு முழுவதிலும் அது முற்றாகக் கரைந்ததாகப் பதிவானது 1933, 1959, 1996 என்று மூன்றே முறை. அப்புறம் 2003, 2006. அப்புறம் 2017, 2018. அப்புறம் 2021, 2022, 2023 என்று வரிசையாக.

இப்போது சொல்லுங்கள். என் நினைவிலிருந்து எதுவும் கழியவில்லை. அன்றைய காற்றும் குளிரும் அப்படியே இருக்கின்றன. அன்று என் கண்ணில் பட்டது எது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டது 2009இன் அந்த மத்தியானத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தத் திட்டு கரையும் ஒவ்வொரு வருடமும் என் நடை இன்னும் கொஞ்சம் கனக்கிறது. இதில் இனிப்பு எதுவும் இல்லை சார், வருத்தம்தான் கூடியிருக்கிறது. ஆனாலும் கூடியிருக்கிறது. என் கட்சி இதுதான்: நடை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது, அந்த நாளைப் பற்றி நாம் அறிந்துகொள்வது முடிவதில்லை.

#8 நாட்குறிப்புக்காரன்

ஸ்பிங்ஸ் உதாரணம் வலுவானது. ஒப்புக்கொள்கிறேன். கழிவதால் வரும் இனிப்பு வேறு, பின்னால் படித்ததால் சேரும் கனம் வேறு. நான் இரண்டையும் ஒரே பையில் போட்டுப் பேசினேன்.

ஆனால் ஒரு நிபந்தனை. அன்று கண்டது எது, பிறகு சேர்ந்தது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். நீங்கள் இப்போது பிரித்துச் சொன்னீர்கள், அதனால்தான் நம்ப முடிகிறது. இன்னும் பத்து வருடம் கழித்து, பார்த்த அன்றே ஸ்பிங்ஸ் என்று தெரிந்து பார்த்ததாக உங்களுக்கே தோன்றலாம். அதற்குத்தான் நாட்குறிப்பு. என்னுடையது மழைக்கோட்டுப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, பென்சில். பேனா குளிரில் எழுதாது. மணி, காற்றின் திசை, யார் என்ன சொன்னார்கள், என்ன வலித்தது. இவ்வளவுதான் எழுதுவேன். அழகாக எழுத முயல்வதே இல்லை. அழகு பிறகு வரட்டும்.

#9 சுனை (கேம்பிரிட்ஜ்)

உளவியல் பாடம் எடுக்கிறவள் என்பதால் ஒரு சின்னக் குறிப்பு. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் 'ரிமெம்பரிங்' என்ற புத்தகத்தை எழுதினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேய மாணவர்களுக்குக் கொடுத்து, நாட்கள் விட்டு, மாதங்கள் விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதையிலிருந்த வள்ளம் அவர்கள் வாயில் சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடியானது. தங்களுக்குப் பழகிய உலகத்துக்கு ஏற்றபடி கதையைத் திருப்பிக் கட்டிக்கொண்டார்கள். ஆக, நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது.

நாம் பேசுவதற்கு இது எப்படிப் பொருந்துகிறது என்றால், கட்டுவதற்கு எந்தக் கல்லை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. அந்த மாணவர்களிடம் இருந்தது பழகிய உலகம் மட்டுமே. மலையைப் பற்றி மேலும் மேலும் படிப்பவரிடம் அந்த மலையைச் சேர்ந்த கற்களே கூடிக்கொண்டு போகின்றன. மாறுவது இருவருக்கும் பொது. ஒருவருடைய நினைவு மாறி மாறி மலையைவிட்டு விலகுகிறது, மற்றவருடையது மலையை நோக்கிப் போகிறது.

#10 வேலன்

சரி, எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த மலை வெள்ளியங்கிரி. சின்ன வயதிலிருந்து மாமாவோடு, பிறகு நண்பர்களோடு. ராத்திரி பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏறினால் ஏழாவது மலையில் விடியும். போய்வந்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். முதல் மலையில் படிக்கட்டு மூச்சு வாங்கும், கைதட்டிச் சுனையில் தண்ணீர் குடித்தோம், ஆறாவது மலையில் குளிர் தாங்கவில்லை, உச்சியில் தரிசனம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாழ்நடை அக்கா சொன்ன 'த லிவிங் மவுண்டன்' புத்தகத்தை இங்கே ஒரு நண்பர் கொடுத்தார். தண்ணீருக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. நூறு தடவை பார்த்தாலும் தரைக்கடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருப்பது ஷெப்பர்டுக்குத் தீராத ஆச்சரியமாக இருக்கிறது. இரண்டாவது அத்தியாயத்தில், ஆரம்பத்தில் உச்சியைத்தான் தேடிப் போனேன், பிறகு நண்பரைப் பார்க்கப் போவது போல மலையோடு இருக்க மட்டுமே போனேன் என்கிற மாதிரி எழுதுகிறார். புத்தகத்தை மூடிவிட்டு நான் யோசித்தது கெய்ர்ன்கோர்மை இல்லை, கைதட்டிச் சுனையை. அங்கே எவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன்! தண்ணீர் வரும் இடத்தில் பாறையில் பாசி எப்படி இருந்தது, டார்ச் வெளிச்சத்தில் நீர் எவ்வளவு மெலிதாக விழுந்தது, வரிசையில் நின்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அவை என்னிடம் இருந்திருக்கின்றன, கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கின்றன.

நான் போகாத மலையைப் பற்றிய புத்தகம் நான் போன மலையைத் திறந்துவிட்டது. இதற்கு உங்கள் விவாதத்தில் இடம் இருக்கிறதா தெரியவில்லை.

#11 யாழ்நடை

இடம் இருக்கிறதாவா! இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு இதுதான் தம்பி.

லாரிக் க்ரூ கணவாயில், டெவில்ஸ் பாயின்ட் மலைக்குக் கீழே, கொரூர் பாத்தி என்று ஒரு கல் வீடு இருக்கிறது. 1877 வாக்கில் மான்களைக் கண்காணிப்பவர் தங்கக் கட்டியது. இப்போது யாரும் இலவசமாகத் தங்கலாம். இங்கே பாத்தி என்றால் மின்சாரம், தண்ணீர்க் குழாய், பூட்டு எதுவும் இல்லாத மலைக்குடில். 1965இல் தொடங்கிய மவுண்டன் பாத்திஸ் அசோசியேஷன் என்ற தொண்டர் அமைப்பு இப்படிப்பட்ட குடில்கள் பலவற்றைப் பராமரிக்கிறது. குடிலுக்குக் குடில் ஒரு கொப்பி வைத்திருப்பார்கள். வந்தவர்கள் எழுதிவைப்பார்கள்: எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, எலி ஒன்று பையை ஓட்டை போட்டது.

நல்ல மழையில் அங்கே அடைபட்டுக் கிடந்தபோது மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்தக் கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். ஒரு பக்கத்தில் தகப்பனும் மகனும். தகப்பன் தன் சின்ன வயதில் இங்கே படுத்த இடத்தைக் காட்டியதாக மகன் எழுதியிருந்தான், அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் தகப்பன், அப்போது கூரை இதைவிட ஒழுகியது என்று ஒரே வரி. நான் வாசித்த மலைப் புத்தகங்களில் இதையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். இதைப் பற்றி யாரோடு கதைத்தாலும் அந்த ராத்திரி திரும்ப வரும்.

#12 கெண்டல் கீதா

யாழ்நடை சொன்னதும் நினைவுக்கு வந்தது. இங்கே பழைய புத்தகக் கடைகளில் வெயின்ரைட் புத்தகங்கள் கிடைக்கும். புதிதாக வாங்குவதைவிட அவற்றையே தேடி வாங்குவேன். முன்பு வைத்திருந்தவர் ஒவ்வொரு மலையின் பக்கத்திலும் பென்சிலால் தேதி போட்டிருப்பார். சிலவற்றில் மழை, சிலவற்றில் கூட வந்தவரின் முதலெழுத்து. என்னிடம் இருக்கும் ஒரு பிரதியில் ஹேஸ்டாக்ஸ் மலைக்கு மட்டும் தேதிகள் ஓரம் முழுக்க அடுக்கி நிற்கின்றன. வெயின்ரைட்டுக்கும் அதுதான் பிரியமான மலை, அவருடைய அஸ்தியை அங்கே இன்னாமினேட் டார்ன் என்ற குட்டையருகேதான் தூவினார்கள்.

வழிகாட்டியாகப் பார்த்தால் அந்தப் பழைய பதிப்புகள் காலாவதியானவை. சுவர் இடிந்திருக்கிறது, வேலி வந்திருக்கிறது, மரக்கன்று காடாகியிருக்கிறது. 2005 முதல் திருத்திய பதிப்புகள் வந்துவிட்டன. நடக்கப் போகும்போது திருத்தியதைத்தான் எடுத்துப்போக வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். ராத்திரி உட்கார்ந்து படிக்க எனக்குப் பழையதுதான். 1950களில் அந்த வாசற்கதவு அங்கே இருந்தது என்று ஒருவர் கையால் வரைந்து வைத்திருக்கிறார். நான் அந்த இடத்தைக் கடந்தபோது கதவு இல்லை, இரண்டு கல்தூண்கள் மட்டும் நின்றன. ஏன் நிற்கின்றன என்று புத்தகம்தான் எனக்குச் சொன்னது.

#13 நாட்குறிப்புக்காரன்

கீதா அம்மா, அந்தப் பென்சில் தேதிகள் என் கட்சிக்குத்தான் ஓட்டு. பதிவு செய்துகொள்கிறேன்.

#14 மலைப்பித்தன்

கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் சார்.

தனிமடலில் ஒருவர், மலைப் புத்தகத்தைப் போவதற்கு முன் படிப்பதா, வந்த பின் படிப்பதா என்று கேட்டார். என் பதில் பின்பு. போவதற்கு முன் வரைபடம், வானிலை, வழிகாட்டி போதும். ஷெப்பர்ட் அவான் ஏரியில் இறங்கி நடந்ததை எழுதியிருக்கிறார். தெளிந்த ஆழமற்ற நீர், காலடியில் கற்கள் தெரிகின்றன, திடீரென்று அடித்தளம் முடிந்து கண்ணெதிரே பளபளக்கும் ஆழம் திறக்கிறது. முன்பே படித்துவிட்டுப் போனால் அந்த விளிம்பைத் தேடிக்கொண்டே நிற்போம். அந்தக் கரையில் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வந்த பிறகு படித்தால், நாம் பார்த்த பச்சை நீருக்குக் கீழே அந்த ஆழம் வந்து சேரும். எனக்கு அப்படித்தான் சேர்ந்தது. படித்துவிட்டு மறுபடி போக வாய்ப்பு உள்ளவர்கள் பாக்கியசாலிகள்.

#15 யாழ்நடை

அப்படியென்றால் மகளுக்கு இன்னும் புத்தகத்தைக் கொடுக்காதது நல்லதாய்ப் போச்சு. வருகிற ஜூனில் அவளைக் கூட்டிக்கொண்டு கெய்ர்ன்கோர்மில் பென் மக்டூயி மலைக்குப் போகிறேன், அவளுக்கு முதல் தடவை. கார் நிறுத்தத்திலிருந்து மேட்டுநிலம் வழியாகப் போய் அப்படியே திரும்புவதா, வரும்போது அவான் ஏரிக்கு இறங்கி ஏறுவதா?

#16 மலைப்பித்தன்

முதல் தடவைக்கு மேட்டுநிலம் வழியாகவே போய்வாருங்கள். 1309 மீட்டர், போக வர 17 கிலோமீட்டர் போல வரும். பனிச்சறுக்கு மையத்திலிருந்து கிளம்பினால் ஏற்றம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் மேலே மூடுபனி இறங்கிவிட்டால் எல்லாத் திசையும் ஒன்று போலத்தான் இருக்கும், அதனால் திசைகாட்டியும் காகித வரைபடமும் கட்டாயம். ஆர்டனன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் வரிசையில் 36ஆம் எண் வரைபடம் வாங்கினால் மலை முழுக்க அதில் அடங்கும். ஜூனிலும் சில சரிவுகளில் பனி கிடக்கும், கையுறை எடுத்துப் போங்கள். அவான் ஏரிக்கு இறங்கினால் திரும்ப ஏற வேண்டிய ஏற்றம் செங்குத்தானது, களைத்த காலுக்கு வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

#17 நாட்குறிப்புக்காரன்

மகளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும்!